காது பொத்திய ஊர்

எங்கள் ஊர்க் குடும்பக் கோர்ட்டில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும், பஸ் நிலையத்தில் பூக்கட்டுகிறவளைக் கேட்டாலும் சொல்வாள், ஆனால் முதன்முதலாக அப்படி வந்தவள் கடலைக்காரத் தெரு மதுரவாணி என்பதும், வந்தபோது அவளுக்கு ஒரு பக்கம் ஜடை பின்னியும் மறுபக்கம் தலை விரிந்தும் கிடந்தது என்பதும், அங்கே ஆயாவாக இருந்த எனக்கும் டவாலி சங்கரபாண்டிக்கும்தான் கண்ணால் பார்த்துத் தெரியும். அவளுடைய அப்பா அவளைக் கரூரில் தங்கச்சி வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வக்கீலை விட்டுச் சொல்லச் சொல்லியிருந்தார். சங்கரபாண்டி எப்போதும் போல வாசலில் நின்று மூன்று தரம் பெயரைக் கூப்பிட்டான். மூன்றாவது தரம் வாயை மூடுவதற்குள் அந்தப் பிள்ளை அவன் முன்னால் நின்றது, தலையில் சீப்பு குத்தியபடி. ஜட்ஜம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆஜர்னு எழுதுங்க" என்றார். அடுத்த வாய்தா குறிக்கப்பட்டது. கரூரில் அந்த அத்தைக்காரி ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாளாம்.

ஏன் இப்படி என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மேற்படி மைனரை மேற்படி தேதியில் காலை பத்தரை மணிக்கு நேரில் ஆஜர்படுத்த வேண்டியது என்று கோர்ட்டு உத்தரவில் முத்திரை குத்தி எழுதியிருக்கிறது, எழுதினபடி நடக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மற்றக் கவலைகள்தான் பெரிதாக இருந்தன. வாய்தா நாளில் பத்து மணிக்கு மேல் பிள்ளைகளைக் குளிக்கவிடக் கூடாது, பொத்தான் இல்லாத சட்டை போடக் கூடாது, கையில் சாம்பார்ச் சாதம் இருக்கக் கூடாது என்று தாய்மார்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தில் பெஞ்சு காலியானால் டீச்சர் வருகைப் பதிவேட்டில் 'கோ' என்று ஓர் எழுத்து போட்டுவிட்டு வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். கிணற்றில் நீச்சல் பழகிக்கொண்டிருந்த ஒருவன் சொட்டச் சொட்ட வந்து நின்றான், அவன் கால்சட்டைப் பையில் ஒரு கெண்டைக் குஞ்சு துள்ளியது. அன்றிலிருந்து நான் குழந்தைகள் அறை அலமாரியில் நாலு துண்டும், எல்லா அளவிலும் கவுனும் டவுசரும், ஒரு சீப்பும் வைத்திருந்தேன். அந்தக் கெண்டை இப்போதும் கோர்ட்டுத் தண்ணீர்த் தொட்டியில்தான் இருக்கிறது.

வந்த பிள்ளைகள் வந்த மாதிரியே திரும்பிப் போவதில்லை. யாராவது பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். நேரில் அழைத்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் பயனில்லை. மூன்றாவது தரம் கூப்பிட்டதும் அந்தச் சின்னக் கை நம் கையிலிருந்து காற்றாகப் போய், பத்தடி தள்ளி டவாலிக்கு முன்னால் போய் நிற்கும். வெறுங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்ற தாய்மார்களையும் தகப்பன்மார்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் யாரும் பிள்ளைகளைக் கூட்டிவருவதில்லை, வீட்டில் விட்டுவிட்டே வந்தார்கள். கண்ணெதிரே கையைவிட்டுப் போவதைவிட அது பரவாயில்லை என்றார்கள்.

ஜட்ஜம்மா இரக்கமுள்ளவர்தான். ஒருநாள் பெயரே வேண்டாம், 'மைனர் குழந்தை' என்று மட்டும் கூப்பிடுங்கள் என்று சங்கரபாண்டியிடம் சொன்னார். அவன் அப்படியே கூப்பிட்டான். நாற்பத்து மூன்று பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அந்த வருஷம் கேஸ் நடந்த அத்தனை பேரும், வராந்தா கொள்ளாமல் படிக்கட்டுவரை, தொட்டில் பிள்ளை தொட்டில் சேலையோடு. அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எங்களுக்குச் சாயங்காலமாகிவிட்டது. மறுநாளிலிருந்து பழையபடி பெயரே சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. கூப்பிடக் கூப்பிடப் பெயர் தேய்ந்துபோனது. ஐந்து வாய்தா, ஆறு வாய்தா பார்த்த பிள்ளைகள் வீட்டில் கூப்பிட்டால் கொஞ்சம் தாமதித்துத் திரும்பினார்கள், எட்டு வாய்தா பார்த்தவர்கள் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்பினார்கள், பத்தைத் தாண்டினவர்கள், பக்கத்தில் நின்று கத்தினாலும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார்.

சங்கரபாண்டி ஒருநாள் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்து அழுதான். "நான் மெதுவாத்தான்க்கா கூப்பிடுறேன். பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடக் கேக்காத மாதிரித்தான் கூப்பிடுறேன். அப்பவும் வந்துருதுக. என் வாயிதான் அதுகளைத் தேய்க்குது."

"உன் வாயில்லப்பா, பேப்பரு" என்றேன்.

"பேப்பருக்கு ஏதுக்கா வாயி?" என்றான். தினம் காலையில் அறையைத் திறக்கும்போது அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, தாயே, இன்னிக்குக் கூப்பிடுற பிள்ளைக முழுசா வந்து முழுசாப் போகணும் என்று கும்பிடுவேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றாது.

அமுதவல்லியின் பிள்ளை அப்போது ஒன்பது தரம் வந்துபோயிருந்தது. அமுதவல்லி தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள். அவள் புருஷன் தவசி மினி பஸ் ஓட்டுகிறவன். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. பிரிந்து பதினாலு மாசம் ஆகியிருந்தது, பிள்ளை எனக்குத்தான் என்று இரண்டு பேரும் கேஸ் போட்டிருந்தார்கள், ஒரு மனுவுக்கு அவள் அழைத்தால் அடுத்த மனுவுக்கு அவன் அழைப்பான், ஒவ்வொரு மனுவுக்கும் ஓர் உத்தரவு, ஒவ்வொரு உத்தரவுக்கும் மூன்று கூப்பாடு. பிள்ளைக்கு ஏழு வயசு. தவசியின் அக்கா, முறைப்படி அத்தைக்காரி, பெயர் வைத்த அன்றைக்குப் பிள்ளையின் காதில் மூன்று தரம் சொன்னது அவர்கள் குலசாமி பெயரான பேச்சியம்மாள். அமுதவல்லி வீட்டில் கூப்பிட்டது குயிலி. கோர்ட்டுக்காரர்கள் இரண்டையும் விடவில்லை. 'பேச்சியம்மாள் என்கிற குயிலி' என்று எழுதிவைத்திருந்தார்கள். அதனால் அவளுக்கு இரண்டு பெயரும் சேர்ந்தே தேய்ந்தன.

ஒன்பதாம் வாய்தா முடிந்த சனிக்கிழமை, தவசி பிள்ளையைப் பார்க்கும் நேரத்துக்கு என் அறைக்கு வந்தான். பிள்ளை ஜன்னலோரம் தொட்டி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பேச்சி, அப்பா வந்திருக்கேன் பாரு" என்றான். அது திரும்பவில்லை. "ஏ பேச்சி. ஏத்தா." தோளைத் தொட்டதும்தான் திரும்பி, "நீ எப்பப்பா வந்தே?" என்று சிரித்தது.

தவசிக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்பன் கூப்பிட்டாத் திரும்பக்கூடாதுன்னு பாடம் சொல்லி அனுப்பியிருக்கா, பாத்தீங்களாக்கா?"

"அவ கூப்பிட்டாலும் இப்படித்தான்பா" என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. நேரே வக்கீலிடம் போனான். தகப்பனிடமிருந்து பிள்ளையின் மனதைப் பிரிக்கிறாள் என்று இன்னொரு மனு. இருதரப்பும் நேரில் வரவேண்டும், மைனர் பேச்சியம்மாள் என்கிற குயிலியை ஆஜர்படுத்த வேண்டும் என்று பத்தாவது உத்தரவு.

வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் அமுதவல்லி என்னைத் தேடி வந்தாள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு.

"பேரை மாத்திட்டேன்க்கா."

"யாரு பேரைடி?"

"கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, பின்னாடி வேப்பமரத்துக்கிட்ட நிக்க வச்சு, அவ காதுல மூணு தரம் சொல்லிட்டேன். எனக்கும் அவளுக்கும் மட்டுந்தான் தெரியும். வீட்டுல பழைய பேரு ரெண்டையும் யாரும் சொல்லப்படாதுன்னுட்டேன். புதுப் பேரு சொன்னா டக்குன்னு திரும்புறாக்கா!" அவள் கண்ணில் அவ்வளவு சந்தோஷம். "இனி உங்க டவாலி தொண்டை கிழியக் கூப்பிடட்டும். அந்தப் பேருல என் வீட்டுல ஆளில்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தை சொல்ற முறையை அம்மா சொல்லலாமாடி? பழைய பேரைக் கழிக்காமப் புதுசை வைக்கலாமா?"

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உண்மைதான், எனக்குப் பயம்.

வாய்தா அன்று அவள் பிள்ளையைப் பக்கத்து வீட்டு நபீசாவிடம் விட்டுவிட்டு வந்தாள். வராந்தாவின் ஒரு கோடியில் அவள், மறு கோடியில் தவசி. பதினொன்று இருபதுக்குச் சங்கரபாண்டி வெளியே வந்தான். பேச்சியம்மாள் என்கிற குயிலி, என்றான். பேச்சியம்மாள் என்கிற குயிலி. மூன்றாவது தரம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

யாரும் வரவில்லை.

வராந்தாவில் இருந்தவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். அமுதவல்லி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள், பதினாலு மாசத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவளுடைய போன் அடித்தது. நபீசா. போனுக்கு வெளியே எங்களுக்கெல்லாம் கேட்டது அந்தக் குரல்.

"அமுதா, பிள்ளைய அங்க கூப்பிட்டாங்களா? தட்டுல பாதித் தோசை இருக்கு. பிள்ளையக் காணோம். இப்பத்தான், என் கண்ணு முன்னாலதான்..."

அங்கிருந்து புறப்பட்டுவிட்டது. இங்கே வந்து சேரவில்லை.

அப்போதுதான் கொலுசுச் சத்தம் கேட்டது. யாரும் இல்லாத வராந்தாவில், தரையோடு தரையாக, சின்னப் பிள்ளை நடக்கிற மாதிரி அந்தச் சத்தம் தவசி நின்ற கோடிக்குப் போனது. அங்கே நின்றது. திரும்பி அமுதவல்லி நின்ற கோடிக்கு வந்தது. நின்றது. மறுபடி போனது. கூட்டம் தானாகச் சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றது. ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே சிரஸ்தார் பேனாவோடு காத்திருந்தார். "என்னன்னு எழுதட்டும்மா? ஆஜரா, ஆஜரில்லையா?"

ஜட்ஜம்மா எழுந்து நின்றுவிட்டார். "எதையும் எழுதாதீங்க" என்றார். "பேனாவ மூடுங்க. மூடுங்கன்னு சொல்றேன்ல." இல்லை என்று எழுதிவிட்டால் இல்லாமலே போய்விடுமோ என்ற பயம் அவருக்கும் வந்துவிட்டது.

அமுதவல்லி தரையில் மண்டியிட்டுக் கையை விரித்துக்கொண்டு புதுப் பெயரை உதட்டுக்குள்ளேயே சொன்னாள். கொலுசு அவள் மடிக்கருகே வந்து நின்றது. முந்தானைகூட லேசாக அசைந்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது. அந்தக் கோடியில் தவசி பேச்சி, பேச்சி என்று தேம்பினான். அவன் காலடிக்குப் போனது, நின்றது, திரும்பியது. பாதிப் பிள்ளையை ஒரு பெயர் இழுத்தது, பாதிப் பிள்ளையை இன்னொரு பெயர் பிடித்துக்கொண்டது. மத்தியானமானது. மூன்று மணியானது. யாரும் சாப்பிடப் போகவில்லை. கொலுசுச் சத்தம் மட்டும் சன்னமாகிக்கொண்டே வந்தது, ஒவ்வொரு நடைக்கும் ஒரு மணி உதிர்ந்த மாதிரி.

நான் அமுதவல்லியிடம் போய் உட்கார்ந்தேன். "புதுப் பேரை அவன்கிட்டச் சொல்லு."

"சொன்னா அடுத்த மனுவுல எழுதிருவாரு. அதையும் கூப்பிடுவாங்க. அதையும் தேய்ப்பாங்க. அவளுக்குன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்க்கா."

"அவளே மிச்சமில்லாமப் போயிட்டா பேரை வச்சு என்னடி பண்ணுவே?"

அவள் எழுந்தாள். அந்த வராந்தாவின் நீளம் அறுபது அடி இருக்கும், அவள் நடந்துபோய்ச் சேர்வதற்குள் நான் முருகனையும் மாரியையும் மாதாவையும் நபீசாவின் அல்லாவையும் கூப்பிட்டு முடித்துவிட்டேன். கொலுசு அவள் பின்னாலேயே வந்தது.

"பேரை மாத்திட்டேன்" என்றாள் அவனிடம்.

"யாரைக் கேட்டு மாத்துனே?"

"நீங்க யாரைக் கேட்டு ஒன்பது தரம் கூப்பிட்டீங்க?"

"ஒன்பதுல நாலு நீ கூப்பிட்டது."

"ஆமா" என்றாள். "நாலு நான்." அதற்கு மேல் அவளால் சண்டை போட முடியவில்லை. "காதைக் குடுங்க. பேப்பர்ல எழுதமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"யாரு மேலடி சத்தியம் பண்றது? பண்றதுக்கு இருந்தது அவ ஒருத்திதான். அவளையே காணோமே."

அவள் அவன் காதில் மூன்று தரம் சொன்னாள். அவன் உதடு அசைந்து ஒருதரம் பழகிப் பார்த்தது. அப்போது சங்கரபாண்டி செய்த காரியத்துக்கு அவனுக்கு எந்தப் புண்ணியமும் தகும். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, டவாலிக் குரலில், "எல்லாரும் காதைப் பொத்துங்க!" என்று கத்தினான். வக்கீல்கள் பொத்தினார்கள், சிரஸ்தார் பொத்தினார், ஜட்ஜம்மா பேனாவை வைத்துவிட்டு இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார், நானும் பொத்திக்கொண்டேன். ஆணும் பெண்ணுமாக இரண்டு வாய் ஒன்றுபோலத் திறந்து மூடுவதை மட்டும் பார்த்தேன். ஒருதரம். இரண்டுதரம். மூன்றாவது தரம் அவர்கள் இருவருக்கும் நடுவில் பிள்ளை நின்றது, கையில் தோசைத் துண்டோடு. தோசை காய்ந்து வறட்டியாகியிருந்தது.

"கால் வலிக்குதும்மா" என்றது.

கேஸ் அதோடு முடிந்தது. பிள்ளை தாயிடம் இருக்கட்டும் என்று இருவரும் சமாதான மெமோவில் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் முழுசாக வந்துவிட்டதென்று நாங்கள் நினைத்தது சரியில்லை. அமுதவல்லி தனியாகக் கூப்பிட்டால் அது திரும்புவதில்லை, தவசி தனியாகக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டால் திரும்பும், சிரிக்கும், சண்டை போடும், மறுநாள் அந்த நேரம்வரைக்கும் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்கும். ஒருநாள் தவறினால் என்ன ஆகும் என்று பார்க்க யாருக்கும் தைரியமில்லை. தினம் ஆறே முக்காலுக்குத் தவசி மினி பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தில் போட்டுவிட்டுப் போன் பண்ணுவான். இவள் போனைப் பிள்ளை பக்கத்தில் வைப்பாள். அந்த நேரத்தில் தெருவில் ரேடியோ சத்தம் கூடும், நபீசா மிக்ஸியை ஓட்டுவாள், வாசலில் நிற்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேறு கேஸ்காரர்களும் இப்படிக் காதில் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள், எங்கள் ஊரில் இப்போது சாயங்காலம் பலரும் காதைப் பொத்திக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

போன ஐப்பசியில் ஒருநாள் பேய்மழை. அதே சந்தில் இருக்கும் என் வீட்டுக்குக்கூடப் போகமுடியாமல் நான் அமுதவல்லி வீட்டில் அகப்பட்டுக்கொண்டேன். ஆறே முக்கால் ஆனது, போன் வரவில்லை. இவள் போட்டாள், டவர் இல்லை. ஆறு ஐம்பது. பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கால் கொலுசு, வாசற்படிக்கு வெளியே மழைக்குள் கேட்கத் தொடங்கியது.

"அக்கா" என்றாள் அமுதவல்லி. "அக்கா, கேக்குதா?"

நான் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சூடாகத்தான் இருந்தது. முழுசா, தாயே, முழுசா என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அமுதவல்லி தனியாகக் கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், கொலுசு தெருவில் இறங்கித் தூரமாகப் போனது, என் கைக்குள் இருந்த உடம்பு தக்கையாகிக்கொண்டே வந்தது.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. மினி பஸ் ஒன்று, அதுவரை எந்தப் பஸ்ஸும் நுழையாத எங்கள் சந்துக்குள், இரண்டு பக்கச் சுவரையும் உரசிக்கொண்டு, முட்டளவுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. உள்ளே முப்பது பேர், சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், கூடையும் கோழியுமாக. ஒருத்தர்கூட ஏன் வழி மாறினாய் என்று கேட்டிருக்கவில்லை. தவசி ஸ்டியரிங்கை விடாமலே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். அந்த முப்பது பேரும் கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நானும் பிள்ளையை விட்டுவிட்டுப் பொத்திக்கொண்டேன், அந்த விநாடி அதை விடுவதற்கு எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று சாமிக்குத்தான் தெரியும்.

பிள்ளை திரும்பியது. வாசலைப் பார்த்தது, பஸ்ஸைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டது. "நான் பாலத்துக்கிட்டப் போயிட்டேன் தெரியுமா?"

அதன் இரண்டு பாதமும் கணுக்கால்வரை நனைந்து சேறாக இருந்தன.

அந்தப் பெயர் என்னவென்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் பேப்பரில் எழுதமாட்டேன். என் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து தூர ஊரில் இருக்கிறார்கள், போனில் அவர்களைக்கூட நான் இப்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தங்கம் என்றுதான் சொல்கிறேன். மணி ஆறரை தாண்டிவிட்டது, வெளியே மறுபடியும் மழை இருட்டுகிறது. நபீசா ஓட்டுவதற்கு மிக்ஸியை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். நான் போய் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.